மரியாயியின் பெயரை எப்படி எழுதுவது?

என் மகனுக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்து பத்து மாதம் ஆகிறது. கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். பிள்ளைக்கு என் தாயாரின் பெயரை வைப்பதென்று முடிவு செய்து மருமகள் போனில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மாவின் பெயர் மரியாயி. இந்தக் காலத்தில் ஒரு பெண் பிள்ளையை மரியாயி என்ற பெயரோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் அந்தப் பெயருக்கு மூலமான எபிரேயப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்: மிரியம். ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரும் கோயில் புத்தகத்தில் அப்படியே எழுதிவிட்டார். அதுவரை வீட்டில் எந்தத் தகராறும் இல்லை.

பிறகு வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்துகள் வந்தன. பிறப்புச் சான்றிதழில் ஏற்றுவதற்காக அவர்கள் தீர்மானித்திருந்த வடிவம். எம், ஒய், ஆர், ஐ, ஒய், ஏ, ஏ, எம். மொத்தம் எட்டு எழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். 'மைரியாம்' என்றுதான் வந்தது. எந்தக் கடையில் மை விற்கிறார்கள் என்று கேட்டு அனுப்பினேன். அதற்கு ஒரு வாரம் பதில் இல்லை.

மருமகள் நல்ல பெண். கோபித்துக்கொண்டு இருந்துவிட மாட்டாள். ஒரு வாரம் கழித்துப் பேசினாள். "மாமா, உங்க அம்மா பேரைத்தானே வைக்கிறோம்? கூப்பிடுறது மிரியம்னுதான். எழுத்துல என்ன இருக்கு?" என்றாள்.

முப்பத்தைந்து வருஷம் எழுத்தை வைத்தே சோறு தின்ற ஒரு குமாஸ்தாவிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்குப் போனில் சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளும் இதைப் படிப்பாள்.

முதலில் அந்த எட்டு எழுத்துக்குக் கணக்கு என்ன என்று பார்த்தேன். நம்மூர் நியூமராலஜிக்காரர்கள் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். எம்முக்கு 4, ஆருக்கு 2. ஏ, ஐ, ஒய் மூன்றுக்கும் 1. மிரியம் என்பதை வழக்கமாக ஆறு எழுத்தில் எழுதினால் கூட்டுத்தொகை 13, அதாவது 4. அது ஆகாதாம். 15 வந்தால் 6, அது யோகம். எனவே இரண்டு ஒன்றுகள் தேவைப்பட்டன. ஒரு ஒய்யும் ஒரு ஏ-யும் உள்ளே வந்துவிட்டன. ஆனால் முதல் ஐ-யை எடுத்துவிட்டு ஒய் போட்டிருக்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். அது வெறும் அலங்காரம். (தணிக்கைக் கண் இன்னும் போகவில்லை, என்ன செய்ய?) இதே கணக்கில் சாதாரண மேரிக்கு எத்தனை வரும் என்று போட்டுப் பாருங்கள். 4, 1, 2, 1. எட்டு! எட்டு என்றாலே முகம் சுளிக்கும் ஊர் இது. உலகம் முழுக்க எத்தனை மேரிகள்! மரி கியூரிக்கும் பிரெஞ்சு எழுத்துப்படி 13தான் வருகிறது. அந்தப் பதின்மூன்றோடுதான் அந்த அம்மா 1903-லும் 1911-லும் நோபல் பரிசு வாங்கினார்.

அந்த முதல் ஒய்யை மட்டும் நான் அதிகம் திட்ட முடியாது. என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் மிரியம் என்ற பெயரை அந்த ஒய் போட்டுத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஜெர்மானியர்களும் டச்சுக்காரர்களும் நடுவில் ஜே போடுவார்கள். ரஷ்யாவில் மாஷா என்று செல்லமாகக் கூப்பிடுவதும் அயர்லாந்தில் மொய்ரா என்று அழைப்பதும் இதே பெயரின் பேரக் குழந்தைகளைத்தான். ஆக, இந்தப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல.

எபிரேயத்தில் இதற்கு நாலே எழுத்துகள். நம் எழுத்தில் சொன்னால் ம், ர், ய், ம். அவ்வளவுதான். பழைய எபிரேயர்கள் மெய்யை மட்டும் எழுதினார்கள், உயிரை வாயிலேயே வைத்துக்கொண்டார்கள். உயிரொலிகளுக்குப் புள்ளியும் கோடும் போட்டு எழுதும் முறை வெகு காலம் கழித்து, கி.பி. ஏழாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டுக்குள் உண்டானது. அப்படிப் புள்ளி வைத்தவர்கள் மிரியாம் என்று வைத்தார்கள். ஆனால் அதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முன்பே வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் மரியம் என்று எழுதியிருக்கிறார்கள். பழைய உச்சரிப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் கருத்து. அரபியிலும் அது மர்யம்தான். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர். 19ஆம் அத்தியாயத்துக்கே அந்தப் பெயர்.

இந்த விஷயத்தைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ராவுத்தர் நண்பரிடம் சொன்னேன். உத்தமபாளையத்தில் மரியம் பீவி இல்லாத ராவுத்தர் தெரு உண்டா? அவர் சிரித்தார். "எங்க வீட்லயும் இதே கூத்துதான் அண்ணே. நன்னிமா பேரு மரியம். இப்ப பேத்திக்கு வைக்கும்போது மரியம்னு எழுதுனா தப்பாம், மர்யம்னுதான் எழுதணுமாம். பேரன் சொல்றான்" என்றார்.

அந்தப் பேரன் சொல்வது அரபிக்குச் சரி. தமிழ் நாக்கு வேறு வகை. கார்யம் நமக்குக் காரியம் ஆயிற்று, சூர்யன் சூரியன் ஆனான், வீர்யம் வீரியம் ஆயிற்று. ர-வுக்கும் ய-வுக்கும் நடுவே ஓர் இகரம் வைத்துக்கொண்டால்தான் நமக்குச் சுகம். அதே வழியில்தான் மர்யம் மரியம் ஆனது. நன்னிமா தப்பாகச் சொல்லவில்லை, தமிழில் சொன்னார்.

கிறிஸ்தவர்கள் பக்கம் வந்தால் இன்னும் வேடிக்கை. கிரேக்கத்திலேயே கடைசி மகரத்தை உதிர்த்து மரியா என்று ஒரு வடிவம் வந்துவிட்டது. அதை லத்தீன் எடுத்துக்கொண்டது, போர்த்துகீசியர் எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் வழியாக நம் கடற்கரைக்கு வந்தது. இங்கே வந்ததும் நம்மவர்கள் அதோடு அம்மாளையும் ஆயியையும் சேர்த்து மரியம்மாள், மரியாயி என்று சொந்தமாக்கிக்கொண்டார்கள். சீர்திருத்த சபைக்காரர்களின் வேதாகமத்தில் ஆள் விகுதி போட்டு மரியாள். சாராள், அன்னாள், லேயாள் எல்லாம் அந்த வரிசைதான். அதே வேதாகமத்தில் பழைய ஏற்பாட்டுக்குப் போனால் மோசேயின் அக்காள் மிரியாம் என்றிருப்பாள். குழந்தைத் தம்பியை நாணல் பெட்டியில் வைத்து ஆற்றங்கரையில் விட்டபோது தூரத்தில் நின்று காவல் பார்த்தவள், செங்கடலைக் கடந்த பிறகு தம்புரு எடுத்துப் பெண்களோடு ஆடியவள், அவள்தான். மூலத்தில் இருவருக்கும் ஒரே பெயர். தமிழில் மட்டுமல்ல, ஆங்கிலத்திலும் இரண்டு பெயராகிவிட்டது. எங்கள் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டிப் பக்கம் போனால் ஆரோக்கிய மேரி, லூர்து மேரி, ஸ்டெல்லா மேரி, ரோஸ்மேரி என்று தெருவுக்கு நாலு பேர். ஆண்களும் தப்பவில்லை. மரியதாஸ், மரிய சூசை.

ஸ்டெல்லா மேரி என்றேனே, அதில் ஒரு கதை இருக்கிறது. எழுத்தர்கள் கேட்க வேண்டிய கதை. இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்பதில் யாரும் ஒத்துப்போவதில்லை. கசப்பு என்பார்கள், கலகம் என்பார்கள், எகிப்து மொழியில் 'பிரியமானவள்' என்ற வேரிலிருந்து வந்தது என்பார்கள். கி.பி. 400 வாக்கில் புனித ஜெரோம் என்ற பெரியவர் லத்தீனில் 'கடலின் துளி' என்று ஒரு விளக்கம் எழுதினாராம். துளிக்கு லத்தீனில் ஸ்டில்லா. பின்னால் பிரதி எடுத்த யாரோ ஒருவர் கையில் அந்த ஐ, ஈ ஆகிவிட்டது. ஸ்டெல்லா என்றால் நட்சத்திரம். துளி போய் 'கடலின் நட்சத்திரம்' ஆயிற்று. அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். மாலுமிகளுக்கெல்லாம் அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது. சென்னையில் 1947-ல் தொடங்கிய பெண்கள் கல்லூரிக்கும் அதே பெயர். நம் ஊர் ஸ்டெல்லாக்களும் அந்த வழியில் வந்தவர்கள்தான். ஒரு குமாஸ்தாவின் கைப்பிழை!

சரி, அப்படியானால் இன்றைக்கு ஒரு இளம் தம்பதி இரண்டு எழுத்து கூட்டிக்கொண்டால் உனக்கென்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

பிரான்சில் ஒரு சட்டம் இருந்தது. 1803-ல் போட்டது. புனிதர்களின் காலண்டரில் இருக்கும் பெயரும் பழைய சரித்திரத்தில் வரும் பெயரும்தான் பிள்ளைகளுக்கு வைக்கலாம், மற்றதைப் பதிவாளர் எழுதிக்கொள்ளக் கூடாது. நடைமுறையில் தளர்த்திக்கொண்டே வந்து 1993 ஜனவரியில்தான் அதை முழுசாக எடுத்தார்கள். வேலையில் இருந்த காலத்தில் அப்படி ஒரு சட்டம் இங்கேயும் வேண்டும் என்று நான் நண்பர்களிடம் வாய் கிழியப் பேசியதுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை. பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று சர்க்கார் சொல்ல ஆரம்பித்தால், லோயர் கேம்ப் பக்கம் பிள்ளைகளுக்குப் பென்னிகுக் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அவர்கள் எந்தக் காலண்டரைக் காட்டுவார்கள்? அந்தத் துரையின் பெயரைப் பென்னிகுக், பென்னிகுயிக், பென்னிகுவிக் என்று பேனருக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. உச்சரிப்பில் பென்னிகுக்தான் சரி. எழுதப் படிக்கத் தெரியாத நம் சம்சாரிகள் காதால் கேட்டு அதைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

என் ஆட்சேபம் வேறு. அதைச் சொல்ல என் தாயாரின் காகிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் பதிவேட்டில் அவர் பெயர் மரி. ஆங்கிலத்தில் எழுதினால் கடைசியில் ஐ, ஈ. வீட்டில் மரியாயி. 1954 நவம்பரில் பிரெஞ்சு நிர்வாகம் போய் இந்திய நிர்வாகம் வந்தது. 1962-ல் சட்டப்படியும் கைமாறியது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்பா கொடுக்கவில்லை. பிற்பாடு வந்த குடும்ப அட்டையில் அம்மா மேரி ஆகிவிட்டார். எனக்கு வேலை கிடைத்து, உத்தமபாளையத்தில் பெண் எடுத்து, அம்மாவையும் இங்கேயே அழைத்து வந்துவிட்டேன். இங்கே வாக்காளர் பட்டியலில் மரியம்மாள். நாலு வடிவத்தில் ஒன்றைக்கூட அவரிடம் கேட்டு யாரும் எழுதவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது. கைநாட்டுதான். அவர் இறந்தபோது இறப்புப் பதிவுக்கு எந்தப் பெயரைக் கொடுப்பது என்று நான் அரை நாள் யோசித்தேன்.

இன்னொன்று, இதுவரை எங்கும் சொல்லாதது. நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். முதியோர் உதவித்தொகைக்கு ஓர் அம்மாள் மனு கொடுத்திருந்தார். குடும்ப அட்டையில் மரியம்மாள். வாக்காளர் பட்டியலில் மாரியம்மாள். நடுவே ஒரு துணைக்கால். நம் பகுதியில் அந்தத் துணைக்கால் சாதாரண விஷயம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அது இருந்தால் வீரபாண்டிக் கௌமாரி, இல்லாவிட்டால் மாதா கோயில். மாரி என்பது மழை, நம் பழைய தமிழ்ச் சொல். அதற்கும் எபிரேயத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மனுதாரர் எந்த மதம், இருவரும் ஒருவர்தானா, விளக்கம் பெறுக என்று குறிப்பு எழுதிக் கோப்பைத் திருப்பிவிட்டேன். விதிப்படி சரி. எனக்கு அப்போது அது ஒரு திறமையாகக்கூடத் தோன்றியது.

அந்த அம்மாள் பஸ் ஏறி ஏறி வந்தார். ஐந்து தடவையோ ஆறு தடவையோ. கடைசித் தடவை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டு, "உங்க பேரைச் சரியா எழுதி வாங்கியிருக்க வேண்டாமா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "எம் பேரை நானாய்யா எழுதுனேன்? எனக்கு எழுதத் தெரியுமா? ரெண்டு தடவையும் உங்க மாதிரி ஆபீஸ்காரவுகதான எழுதுனாக" என்றார்.

பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் 'இருவரும் ஒரே நபர்' என்று சான்று வாங்கி, உதவித்தொகை ஆர்டர் ஆயிற்று. உத்தரவு தேதியிலிருந்துதான் பணம். கோப்பு என் மேசைக்கும் மற்ற மேசைக்கும் நடந்த நாலு மாதத்துப் பணம் போனது போனதுதான். அவரும் என் தாயாரும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே பெயர். அது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

அந்த அம்மாளுக்கு எழுதத் தெரியாது. என் மருமகள் இரண்டு பட்டம் வாங்கியவள். எழுதத் தெரியாதவருக்கு நாங்கள் செய்த தொல்லையை, எழுதத் தெரிந்தவள் தன் பிள்ளைக்கு ஏன் ஆசைப்பட்டுச் செய்ய வேண்டும்? அதுதான் என் கேள்வி. ஜோசியத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. அது அவரவர் இஷ்டம்.

நடக்கப்போவதைச் சொல்கிறேன், கேள் அம்மா. ஆதாருக்குப் பதியும்போது ஆங்கிலத்தில் அடித்தால் தமிழை இயந்திரமே போட்டுக்கொள்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்தாவிட்டால் உன் எட்டு எழுத்து மைரியாம் என்றுதான் தமிழில் வரும். பிறப்புச் சான்றிதழில் மிரியம், ஆதாரில் மைரியாம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிடுவது மூன்றாவதாக ஒன்று. ஆஸ்பத்திரியிலும் பாங்கிலும் பிள்ளை ஆயுசு பூராவும் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே நிற்க வேண்டும். ஏ ஒன்றா இரண்டா என்று எதிரில் இருப்பவர் கேட்பார். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அந்த ஒரு காகிதத்தில் ஏறுவதுதான் கடைசி வரை கூட வரும். எங்கள் காலம் மாதிரி பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் ஒரு பெயரும் தேதியும் போட்டுத் தருவதெல்லாம் இனிக் கிடையாது. பதிந்த பிறகு வேண்டாம் என்றால் பெயர் மாற்றத்துக்கு அரசிதழ் வரைக்கும் அலைய வேண்டும்.

இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் மிஞ்சியிருக்கிறது. பெயரைத் தமிழில் முதலில் தீர்மானியுங்கள். தமிழில் மிரியம் என்று எழுதினால் அதை வேறு எப்படியும் படிக்க முடியாது. குறில், நெடில், கொம்பு, கால் எல்லாம் நமக்கு இருக்கிறது. பிறகு, அந்தப் பெயரை ஒரு தடவை காதால் கேட்ட ஒரு கிராம அலுவலகத்து உதவியாளர் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவாரோ அப்படியே எழுதிவிடுங்கள். மரியாவா, மேரியா, மரியமா, மிரியமா, உங்கள் இஷ்டம். அந்த நாலு மெய்யை வைத்துக்கொண்டு மூவாயிரம் வருஷமாக ஆளாளுக்கு ஒரு உயிர் கொடுத்துத்தான் வந்திருக்கிறார்கள். அதில் நாம் ஒன்று கொடுக்கலாம். ஆனால் கொடுத்த உயிர் வாயில் சொல்லும்போது இருக்க வேண்டும். சொல்லும்போது காதில் விழாத அந்த இரண்டு எழுத்தை யாருக்காகச் சுமப்பது?

ஒரு சமரசமும் சொன்னேன். ஆறு என்ற எண் அவசியம் வேண்டுமென்றால் வீட்டு வாசல் பலகையில், பிறந்தநாள் கேக்கில், இன்ஸ்டாகிராமில் அந்த எட்டு எழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், யார் தடுத்தது? நம் சினிமாக்காரர்கள் பலர் அப்படித்தானே செய்கிறார்கள்? மகன் அதற்குச் சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை, யோசிக்கிறேன் என்றாள்.

பெயரில்லாமல் பதிந்த பிறப்புக்குப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு என்றால் தாமதக் கட்டணம். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. போன வாரம் வந்தவர்கள் விண்ணப்பத்தை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தமிழுக்கு உள்ள இடத்தில் மருமகள் தன் கையாலேயே மிரியம் என்று எழுதியிருக்கிறாள். ஆங்கிலத்துக்கு உள்ள இடம் காலியாக இருக்கிறது.